லூக் வாயில் இருந்தது நுரை இல்லை, க்ரீம்

நாய்க்கடி ஊசி பற்றி எழுதச் சொல்லி ரொம்ப நாளா நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க. எழுதறேன். ஆனா இந்தத் தடவை சினிமா வழியா உள்ளே போகப் போறோம். நூறு வருஷத்துக்கு முன்னாடி மௌனப்படங்கள்ல உலகத்தையே சிரிக்க வச்ச சேட்டைக்கார நாய்களோட கதை இது. த்ரெட் கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

1920-ல் வந்த ஒரு படத்திலிருந்து ஆரம்பிப்போம். பேர் 'தி ஸ்கேர்குரோ', அதாவது சோளக்கொல்லை பொம்மை. மொத்தமே இரண்டு ரீல், இருபது நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். நடித்தவர் பஸ்டர் கீட்டன். முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லாமல் மற்றவர்களை விழுந்து விழுந்து சிரிக்க வைக்கிற ஆள்.

படத்தில் ஒரு நாய் வரும். ஜன்னல் ஓரம் வைத்திருந்த க்ரீம் பையை நக்கித் தின்றுவிடும். வாயெல்லாம் வெள்ளை வெளேர் என்று க்ரீம். அதைப் பார்த்த கீட்டனுக்குத் தூக்கிவாரிப் போடும். வாயில் நுரை, அப்படின்னா வெறிநாய்! எடுப்பார் பாருங்க ஓட்டம். பாதி இடிந்து கூரையில்லாமல் நிற்கும் ஒரு கட்டடத்தின் சுவர் மேல் ஏறி ஓடுவார். நாயும் ஏணியில் ஏறி அதே சுவர் மேல் துரத்தும். ஜன்னல் வழியா உள்ளே, இன்னொரு ஜன்னல் வழியா வெளியே. கடைசியில் வைக்கோல் இயந்திரத்துக்குள் விழுந்து, உடுப்பெல்லாம் கிழிந்து வெளியே வருவார். நாய் அவரைக் கடிக்காது. கை கொடுக்கும். அவ்வளவுதான், ரெண்டு பேரும் சிநேகிதம்.

அந்த நாயின் பெயர் லூக். அது யார், எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்வதற்கு முன்னால், சினிமாவும் நாயும் சேர்ந்த கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து பார்க்கணும்.

1895 டிசம்பர் 28, பாரிஸ். லூமியர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குப் படம் காட்டிய முதல் நாள். அதில் ஒரு படம், அவர்களுடைய தொழிற்சாலையிலிருந்து வேலை முடிந்து ஆட்கள் வெளியே வருவது. ஒரு நிமிஷம்கூட இல்லை. அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரு பெரிய நாய் குறுக்கும் நெடுக்கும் ஓடும். யாரும் அதற்கு நடிக்கச் சொல்லிக் கொடுத்த மாதிரி தெரியவில்லை. ஆனால் அந்தப் படத்தில் நம் கண் அதன் மேல்தான் போகும். 1896 ஜூலை 7, பம்பாய் வாட்சன் ஹோட்டலில் இந்தியாவின் முதல் காட்சி நடந்தபோதும் பட்டியலில் இந்தத் தொழிற்சாலைப் படம் இருந்தது. அதாவது நம்ம நாட்டில் திரை விரித்த அன்றைக்கே நாய் உள்ளே வந்துவிட்டது. ஹீரோ ஹீரோயின் எல்லாம் அப்புறம்தான்.

அடுத்த பத்து வருஷத்தில் நாயை வைத்தே கதை பண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

1904-ல் எடிசன் கம்பெனிக்காக எட்வின் போர்ட்டர் எடுத்த 'டாக் ஃபேக்டரி'. ஒரு பக்கம் நாயைப் போட்டால் மறுபக்கம் சாசேஜ் வரும். சாசேஜைத் திரும்பப் போட்டால் நாய் வரும். இன்றைக்குப் பார்த்தால் கொஞ்சம் குமட்டும். அன்றைக்கு அது பெரிய ஜோக்.

1905-ல் இங்கிலாந்தில் செசில் ஹெப்வொர்த் தயாரித்த 'ரெஸ்க்யூட் பை ரோவர்'. இது காமெடி இல்லை. கடத்தப்பட்ட குழந்தையை வீட்டு நாய் தேடிக் கண்டுபிடிக்கும் கதை. நடித்தது ஹெப்வொர்த் குடும்பத்தின் சொந்த நாய், பெயர் பிளேர். செலவு 8 பவுண்டுக்கும் கீழே. பிரிண்ட் போட்டுப் போட்டு நெகட்டிவ் தேய்ந்துபோய், படத்தையே இன்னும் இரண்டு முறை முழுசாகத் திரும்ப எடுத்தார்கள். இப்போ நாம பேசுகிற ரீமேக் கலாச்சாரத்துக்கு இதைவிட நியாயமான காரணம் கேள்விப்பட்டிருக்கீங்களா?

1907-ல் பிரான்ஸில் ஆலிஸ் கீ எடுத்த சாசேஜ் துரத்தல் படம். ஒரு நாய் கடையிலிருந்து சாசேஜ் மாலையைக் கவ்விக்கொண்டு ஓடும். கடைக்காரர் துரத்துவார், வழியில் போகிறவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்வார்கள், கூட்டம் பெருத்துக்கொண்டே போகும். உலகின் முதல் பெண் இயக்குநர் இவர்தான். இவர் பெயர் நம்ம ஊரில் இன்னும் நிறைய பேருக்குத் தெரியாது. "நாய் திருடியது, ஊர் துரத்தியது" என்ற ஒற்றை வரிக் கதைக்கு அப்புறம் எத்தனை படம் வந்திருக்கும் என்று எண்ணவே முடியாது.

இப்போ லூக்.

ஸ்டாஃபோர்ட்ஷைர் டெரியர் வகை. இன்றைக்குப் 'பிட்புல்' என்று சொன்னால் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பே அலறும் இல்லையா, அந்தக் குடும்பம். நடிகை மின்டா டர்ஃபி படப்பிடிப்பில் ஆபத்தான ஒரு ஸ்டண்ட் செய்ததற்கு, இயக்குநர் வில்ஃபிரட் லூகஸ் பரிசாகக் கொடுத்த குட்டி. லூகஸ் கொடுத்ததால் லூக். மின்டாவின் கணவர் ரோஸ்கோ ஆர்பக்கிள், 'ஃபேட்டி' என்று உலகமே கூப்பிட்ட குண்டு நகைச்சுவை நடிகர். மாக் சென்னட்டின் கீஸ்டோன் கம்பெனியில் ஆளாளுக்கு மாவு, தண்ணீர், பை எல்லாம் வீசி அடித்துக்கொண்டிருந்த காலம் அது. லூக் அதற்கு நடுவே இறங்கியது.

1915-ல் 'ஃபேட்டிஸ் ஃபெய்த்ஃபுல் ஃபைடோ', 'ஃபேட்டிஸ் ப்ளக்கி பப்'. 1916-ல் 'ஃபேட்டி அண்ட் மேபல் அட்ரிஃப்ட்'. புதுசா கல்யாணமான ஜோடியின் வீட்டை வில்லன் கடலுக்குள் தள்ளிவிடுவான். வீடு மிதக்கும், கட்டிலும் மிதக்கும், லூக்தான் நீந்திப் போய் உதவி கேட்கும். 1917-ல் 'தி புட்சர் பாய்', கீட்டன் முதல் முறையாகத் திரையில் தோன்றிய படம். அதிலும் லூக் இருக்கிறது. சினிமாவில் கீட்டனைவிட லூக் சீனியர்!

ஒரு காட்சியில் நாய் சும்மா நின்றாலே நமக்குப் பிடிக்கும். லூக் நிற்காது. ஏணி ஏறும், உயரத்திலிருந்து குதிக்கும், வில்லனின் பின்பக்கத்தைக் கவ்விக்கொண்டு தொங்கும். மனித நடிகர்கள் செய்த சாகசம் அத்தனையும் கிராஃபிக்ஸ் இல்லாமல் அதுவும் செய்தது. நல்லா உற்றுப் பாருங்க, அதன் வால் பெரும்பாலும் ஆடிக்கொண்டேதான் இருக்கும். அதற்கு அது வேலை இல்லை, விளையாட்டு.

இதே கீஸ்டோனில் டெடி என்று ஒரு கிரேட் டேன். ஆள் உயரம். 1917-ல் 'டெடி அட் த த்ராட்டில்'. குளோரியா ஸ்வான்சனைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டிருப்பார்கள், ரயில் வரும், டெடி காப்பாற்றும். தண்டவாளத்தில் கட்டிப்போடுவது என்ற பழைய மெலோட்ராமாவைக் கிண்டல் பண்ணி எடுத்த படம். கிண்டலை மறந்துவிட்டு அந்தக் காலத்துப் படமெல்லாம் இப்படித்தான் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

எப்படி எடுத்தார்கள்? இரண்டு விஷயம் முக்கியம். கேமராவைக் கையால் சுற்றினார்கள். எடுக்கும்போது கொஞ்சம் மெதுவாகச் சுற்றினால், திரையில் ஓடும்போது எல்லாம் வேகமாகத் தெரியும். துரத்தல் காட்சியின் படபடப்பு பாதி அங்கேதான் வருகிறது. இரண்டாவது, சத்தம் பதிவாகாது. அதனால் பயிற்சியாளர் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு "ஓடு, நில்லு, குதி, விடாதே" என்று கத்திக்கொண்டே இருக்கலாம். பேசும் படம் வந்ததும் இந்த வசதி போச்சு. நாய்களுக்குக் கை ஜாடையில் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டி வந்தது. மௌனப்படத்தில் நாய்கள் அவ்வளவு சரளமாக நடித்ததற்குக் காரணம், உண்மையில் செட்டில் மௌனமே இல்லை என்பதுதான்.

சாப்ளினைச் சொல்லாமல் விட்டால் திட்டுவீங்க. 1918 ஏப்ரலில் 'எ டாக்ஸ் லைஃப்'. வேலை கிடைக்காத ஏழையும், மற்ற நாய்களிடம் அடிபடும் தெருநாயும். நாய்க்குப் படத்தில் ஸ்கிராப்ஸ் என்று பெயர். நாய் அனுமதி இல்லாத நடன விடுதிக்குள், அதைத் தன் தொளதொள பேன்ட்டுக்குள் ஒளித்து எடுத்துப் போவார். பேன்ட் ஓட்டை வழியா வால் மட்டும் வெளியே வந்து ஆடும், பக்கத்தில் இருக்கும் டிரம்மை அடிக்கும். வேலை வாங்கப் போகிற இடத்தில் வரிசையில் நிற்கிறவர்கள் இவரை முந்துவதையும், தெருவில் நாய்கள் எலும்புக்கு அடித்துக்கொள்வதையும் அடுத்தடுத்து வைத்திருப்பார். 'நாய்ப் பிழைப்பு' என்று நாம சொல்றோமே, அதை வசனமே இல்லாமல் காட்டிய படம். நாய்களை வைத்து வந்த மௌன நகைச்சுவையில் என் ஓட்டு இதற்குத்தான். சிரிப்புக்கு மட்டும் என்றால் லூக்.

சரி, நம்ம ஊர்.

மதராஸில் 1896 கடைசியிலேயே விக்டோரியா பப்ளிக் ஹாலில் படக்காட்சி வந்துவிட்டது. 1905-ல் ரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட், டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரும் படச்சுருளும் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டினார். 1913-ல் வார்விக் மேஜர் மவுண்ட் ரோட்டில் எலெக்ட்ரிக் தியேட்டர் கட்டினார். 1914-ல் ரகுபதி வெங்கையா கெயிட்டி தியேட்டர். படத்துக்கு நடுவே வரும் எழுத்து அட்டைகளைப் படிக்கத் தெரியாத ரசிகர்களுக்காக, திரைப்பக்கம் ஒருவர் நின்று தமிழில் சத்தமாகச் சொல்வார். ஆனால் நாய் ஒருத்தன் வேட்டியைப் பிடித்து இழுத்தால், அதை விளக்க அவர் எதற்கு? பேன்ட்டை இழுத்தாலும் அதே சிரிப்புதான். இந்த மாதிரிக் குட்டிப் படங்கள் உலகம் முழுக்கச் சுலபமாகப் போனதற்குக் காரணமே அதுதான்.

அன்றைக்கு இந்தியத் திரைகளில் ஓடியதில் பெரும்பங்கு அமெரிக்கப் படங்கள். இதை விசாரிக்க 1927-ல் பிரிட்டிஷ் அரசு ஒரு குழு போட்டது. தலைவர் நம்ம மதராஸ் வக்கீல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். 1928-ல் வந்த அறிக்கை, ஓடும் படங்களில் சுமார் 80 சதவீதம் அமெரிக்காவிலிருந்து வந்தவை என்று சொன்னது. வெள்ளைக்காரர்களின் மானம் போகிறது என்ற கவலையில் ஆரம்பித்த விசாரணை அது. ரங்காச்சாரியார் குழு அதைவிட அதிகமாக இந்தியப் படத்தொழிலுக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தது. அரசு அந்த அறிக்கையைக் கிட்டத்தட்டக் கிடப்பில் போட்டது.

இடையில் ஒரு சின்ன விஷயம். தமிழ் மௌனப்பட வரலாற்றை நமக்குத் தோண்டி எடுத்துக் கொடுத்தவர் சு. தியடோர் பாஸ்கரன். அவரே நம் நாட்டு நாய்கள் பற்றியும் புத்தகம் எழுதியவர். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை எல்லாம் அவர் எழுத்தில் வரும். அஞ்சல் துறையில் மிகப் பெரிய பதவியில் இருந்தவர். பழைய எலெக்ட்ரிக் தியேட்டர் கட்டடம் இன்றைக்கு அண்ணா சாலை அஞ்சல் வளாகத்துக்குள், தபால்தலை விற்கும் இடமாக இருக்கிறது. சினிமா, நாய், தபால் மூன்றும் ஒரே மனிதரில் சேர்ந்தது எனக்கு ரொம்பப் பிடித்த தற்செயல்.

இப்போ சிரிப்புக்கு மறுபக்கம்.

லூக் வாயில் க்ரீமைப் பார்த்து கீட்டன் ஓடினார் இல்லையா? அந்த ஜோக் எதனால் வேலை செய்தது? பார்க்கிற ஒவ்வொருவருக்கும் வெறிநாய் என்றால் என்ன என்று தெரியும். விளக்கவே வேண்டாம். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் சாவு நிச்சயம் என்பதும் தெரியும். (நூறு வருஷம் கழித்து இன்றைக்கும் அதேதான். அறிகுறி வந்த பிறகு காப்பாற்ற எங்களிடம் மருந்து இல்லை.) அந்த பயம் அரங்கு முழுக்க உட்கார்ந்திருந்ததால்தான், "அட, க்ரீம்தான்பா" என்ற நிம்மதி அவ்வளவு பெரிய சிரிப்பாக வெடித்தது.

பயத்தை வேடிக்கையாக்குவது சினிமாவுக்கு முன்பே இருந்தது. 1885 ஜூலை 6, பாரிஸில் லூயி பாஸ்டர் ஒன்பது வயது ஜோசப் மெய்ஸ்டருக்கு முதல் முறையாகத் தடுப்பு மருந்து கொடுத்தார். மொத்தம் 13 ஊசி. அந்த டிசம்பரில் அமெரிக்காவின் நெவார்க் நகரில் சிறுவர்களை ஒரு நாய் கடித்தது. ஊர் மக்கள் பணம் திரட்டி நான்கு சிறுவர்களைக் கப்பலில் பாஸ்டரிடம் அனுப்பினார்கள். பிழைத்துத் திரும்பினார்கள். திரும்பியதும் என்ன நடந்தது தெரியுமா? நியூயார்க்கில் பத்து சென்ட் கொடுத்துப் பார்க்கும் மலிவு மியூசிய மேடையில் அந்தப் பிள்ளைகளை ஏற்றி நிறுத்தினார்கள். "நாய் கடித்தும் சாகாத பையன்கள்", வந்து பாருங்கள் என்று டிக்கெட். கொடுமைதான். ஆனால் வெறிநாய்க் கடிக்கு மருந்து உண்டு என்ற சேதி அமெரிக்கத் தெருக்களுக்குப் பரவியதில் அந்த மேடைக்கும் பங்கு உண்டு.

நம்ம பக்கம் கதை வேறு.

1900-ல் இந்தியாவின் முதல் பாஸ்டர் நிலையம் இமயமலைப் பக்கம் கசௌலியில் வந்தது. மதராஸ் மாகாணத்தில் ஒருவரை நாய் கடித்தால் அவ்வளவு தூரம் போகணும். 1902-ல் தென்னிந்தியாவில் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் ரேபிஸால் இறந்தார். இங்கே சிகிச்சை வசதி இல்லை. அதே 1902-ல்தான் இங்கிலாந்து, நாய்களுக்கு வாய்க்கூடு போடும் சட்டத்தைக் கறாராக அமல்படுத்தி, ரேபிஸைத் தன் மண்ணிலிருந்து ஒழித்தது. லில்லியின் சாவு பெரிய அதிர்ச்சியைக் கிளப்ப, அமெரிக்க தொழிலதிபர் ஹென்றி ஃபிப்ஸ் கொடுத்த நன்கொடையும் சேர்ந்து, 1907-ல் குன்னூரில் தென்னிந்திய பாஸ்டர் நிலையம் எழுந்தது. அதற்கு முன்னால் நாய் கடித்துச் செத்த நம்ம ஊர் ஜனங்களின் பெயர் எதுவும் இந்தக் கதையில் இல்லை. அதையும் கவனிச்சுக்கோங்க.

1910-ல் தாம்பரத்தில் ஒரு பையனை நாய் கடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது தாம்பரம் காடும் ஏரியும் சூழ்ந்த கிராமம். (1928-ல் டாக்டர் சவுரி முத்து இங்கே காசநோய் சானடோரியம் ஆரம்பித்ததே, காற்று அவ்வளவு சுத்தம் என்பதால்தான். இப்போ ஜிஎஸ்டி ரோட்டில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்துட்டு சொல்லுங்க.) பையனைக் கூட்டிக்கொண்டு பட்டணம் போய், ரயிலேறி, மேட்டுப்பாளையத்தில் இறங்கி, மலை ரயில் பிடித்து குன்னூர். அங்கே தினமும் ஊசி, ரெண்டு வாரக் கணக்கு. கூலிக்காரர் குடும்பத்தில் யாரால் முடியும்? 1911-ல் கசௌலியில் டேவிட் செம்பிள், விலங்கு மூளையிலிருந்து எடுத்து ஃபீனால் போட்டுச் செயலிழக்கச் செய்த தடுப்பு மருந்தைக் கண்டுபிடித்தார். அதை வெளியூர்களுக்கும் அனுப்ப முடிந்தது. குன்னூர் வரை போகவேண்டிய கட்டாயம் மெல்ல மெல்லக் குறைந்தது.

இந்த செம்பிள் மருந்துதான் நம்ம தாத்தா பாட்டி சொல்லும் "தொப்புளைச் சுத்தி 14 ஊசி". ஏன் வயிறு? ஒரு வேளைக்கே பல மில்லி மருந்து, அதுவும் தினமும். அவ்வளவையும் தோலுக்கு அடியில் போட வயிற்றில்தான் இடம் இருந்தது. வலி ஒரு பக்கம். ஆட்டு மூளைத் திசு கலந்த மருந்து என்பதால் சிலருக்கு நரம்பு மண்டலமே பாதிக்கப்பட்டு, பக்கவாதம் மாதிரி வந்தது. இருந்தாலும் லட்சக்கணக்கான உயிரைக் காப்பாற்றியதும் அதுதான். இந்தியாவில் 2004 டிசம்பரோடு அதை நிறுத்திவிட்டார்கள்.

2004. இருபது வருஷத்துக்கு மேல் ஆச்சு. ஊசி போயிடுச்சு, ஜோக் போகலை.

நம்ம சினிமா காமெடியில் நாய் துரத்தும், காமெடியன் சுவர் ஏறுவார் (கீட்டன் ஏறிய அதே சுவர்!), கடைசியில் பின்பக்கம் கடி வாங்குவார். அடுத்த ஷாட்டில் டாக்டர் ஒரு அடி நீள ஊசியோடு நிற்பார். இல்லையா, கடிபட்டவர் நாய் மாதிரி குரைப்பார். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் ஓபியில் உட்கார்ந்தால், "சார், வயித்துல போடுவீங்கன்னு பயந்து ஒரு வாரமா வரலை" என்று சொல்கிறவர்கள் இன்னமும் வருகிறார்கள். பெரியவர்கள் மட்டும் இல்லை, 2004-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளும் வயிற்றைப் பொத்திக்கொண்டு வருகிறார்கள். அந்த ஊசியை அவர்கள் பார்த்ததே இல்லை. பார்த்தது டிவியில்தான்.

இப்போ எப்படின்னு சொல்லிடறேன். அரசு மருத்துவமனைகளில் போடுவது தோலுக்குள் 0.1 மில்லி, இரண்டு கையிலும் ஒவ்வொன்று. கடித்த அன்று, 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள். நான்கு தடவை வந்தால் போதும். இலவசம். எறும்பு கடித்த மாதிரி இருக்கும். ரத்தம் வந்த காயம் என்றால் காயத்துக்குள்ளேயே இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போடணும். அது முதல் தடுப்பூசியோடு சேர்த்துப் போடவேண்டியது. இதையெல்லாம் விட முதல் வேலை, கடிபட்ட உடனே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுவது. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காபித் தூள் எதுவும் வேண்டாம்.

அந்த நுரை விஷயத்துக்கு வருவோம். ஸ்கேர்குரோ படத்தின் ஜோக்கே "நுரை இருந்தால் வெறி" என்ற சமன்பாட்டின் மேல் நிற்கிறது. இதைத் திருப்பிப் போட்டு "நுரை இல்லையா, பயமில்லை" என்று நம்புகிறவர்கள்தான் ஆபத்தில் மாட்டுகிறார்கள். ரேபிஸ் வந்த நாய்க்கு விழுங்க முடியாது. அதனால் எச்சில் வழியும். ஆனால் எல்லா நாய்க்கும் அப்படித் தெரியும் என்று இல்லை. சில நாய்கள் வெறித்தனமே காட்டாமல், மூலையில் சுருண்டு, தாடை தொங்கி, வாதம் வந்த மாதிரி கிடக்கும். பாவம் என்று வாய்க்குள் கை விட்டு எலும்பு சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதைவிட முக்கியம், அறிகுறி தெரிய ஆரம்பிப்பதற்குச் சில நாள் முன்பே எச்சிலில் கிருமி வந்துவிடும். கடித்த நேரத்தில் வாலாட்டிக்கொண்டு நன்றாக இருந்த நாயாக இருக்கலாம். குட்டி நாய்கூட விதிவிலக்கு இல்லை. கடிபட்ட மனிதர் குரைப்பார் என்பதும் கதைதான். தொண்டைத் தசை இறுகி, மூச்சுத் திணறி, குரல் மாறி வரும் சத்தத்தை யாரோ குரைப்பு என்று சொல்லிவிட்டார்கள். அதை ஒருமுறை நேரில் கேட்டவர்கள் அதை வைத்து ஜோக் அடிக்க மாட்டார்கள்.

எத்தனை பேர் இறக்கிறார்கள்? உலக சுகாதார நிறுவனம் பல வருஷமாகச் சொல்லிவரும் மதிப்பீடு, இந்தியாவில் ஆண்டுக்கு 18,000 முதல் 20,000. ஐசிஎம்ஆர் சமீபத்தில் செய்த ஆய்வின் மதிப்பீடு சுமார் 5,700. எண் குறைந்தது நல்ல சேதி. ஆனாலும் 5,700 பேரும் தடுத்திருக்கக்கூடிய சாவு. இதில் கணிசமானவர்கள் குழந்தைகள். நாயோடு விளையாடுகிற வயசு, வீட்டில் திட்டுவாங்க என்று கீறலை மறைக்கிற வயசு.

உடனே கமென்ட்ல ரெண்டு கட்சியும் வரும்னு தெரியும். "எல்லா நாயையும் பிடிச்சுட்டுப் போங்க" கட்சி, "நாய் கடிக்காது, மனுஷன்தான் கெட்டவன்" கட்சி. பெருங்களத்தூர், சேலையூர், முடிச்சூர், சிட்லபாக்கம் எந்த நலச்சங்கக் கூட்டத்துக்குப் போனாலும் இந்தச் சண்டைதான். வரலாற்றில் ஒன்று மட்டும் சொல்கிறேன். மதராஸ் மாநகராட்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து தெருநாய்களைப் பிடித்துக் கொன்று பார்த்தது. நாய்களும் குறையவில்லை, ரேபிஸும் குறையவில்லை. 1959-ல் இங்கே தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, 1960-களிலிருந்தே கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு அதே தெருவில் விடலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. 1996-ல்தான் மாநகராட்சி சம்மதித்து, முதலில் தென்சென்னையின் ஒரு பகுதியில் ஆரம்பித்தார்கள். 2001-ல் அது நாடு முழுக்க விதியானது. முறை சரியானது. ஆனால் அரைகுறையாகச் செய்தால் பலன் இல்லை. ஒரு பகுதியில் பத்தில் ஏழு நாய்க்காவது வருஷா வருஷம் தடுப்பூசி போட்டால்தான் பரவல் நிற்கும். 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆனபோது ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகச் சேர்ந்தன. நாய்களுக்கு அந்த எல்லை எதுவும் எப்போதுமே தெரியாது. பம்மலில் போட்டு அனகாபுத்தூரில் விட்டுவிட்டால் கணக்கு தேறாது.

மறுபடியும் சினிமாவுக்கு வந்து முடிக்கிறேன்.

1921 செப்டம்பரில் ஆர்பக்கிள் மேல் ஒரு நடிகையின் மரணத்தை ஒட்டிக் கொலைக் குற்றச்சாட்டு. மூன்று விசாரணைகள். 1922 ஏப்ரலில் குற்றமற்றவர் என்று விடுதலை. ஆனால் அதற்குள் பத்திரிகைகள் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டன. அவருடைய படங்கள் தியேட்டர்களிலிருந்து எடுக்கப்பட்டன. அவரோடு லூக் நடித்த படங்களும் சேர்ந்து போயின. லூக் 1926-ல் இறந்தது. அடுத்த வருஷம் அமெரிக்காவில் 'தி ஜாஸ் சிங்கர்' பேசியது.

இங்கே 1931. அந்த மே மாதம் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. அக்டோபர் 31-ல் 'காளிதாஸ்' வந்தது, தமிழ் பேசிய முதல் படம். தாம்பரத்துக்காரர் சாயந்திரம் வண்டியேறிப் பட்டணத்தில் படம் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்பும் வசதியும், படங்கள் பேசிப் பாட ஆரம்பித்ததும் ஒரே வருஷத்தில். அதற்கப்புறம் நாற்பது ஐம்பது பாட்டு வேண்டும் என்று கேட்ட ரசிகர்களுக்கு, ஏணி ஏறும் நாய் பெரிய விஷயமாகத் தோன்றியிருக்காது.

ஸ்கேர்குரோ, எ டாக்ஸ் லைஃப், ஃபேட்டி அண்ட் மேபல் அட்ரிஃப்ட் மூன்றும் யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்க, வசனம் புரியாத பிரச்சினையே இல்லை. இன்னொன்று, 1918-ல் வந்த 'தி குக்'. ஆர்பக்கிள், கீட்டன், லூக் மூவரும் சேர்ந்தது. பல பத்தாண்டுகள் தொலைந்த படம் என்று கணக்கில் எழுதி வைத்திருந்தார்கள். 1998-ல் நார்வே ஆவணக் காப்பகத்தில் பெயர் எழுதாத ஒரு டப்பாவுக்குள்ளிருந்து கிடைத்தது. கொஞ்ச நாள் கழித்து நெதர்லாந்தில் இன்னும் சில துண்டுகள் கிடைத்தன. அதில் லூக் ஒரு ரவுடியை விடாமல் துரத்திக்கொண்டே போகும். வாயில் நுரை கிடையாது. வால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும்.